"தெரியவில்லை" என்று சொல்லத் தெரிந்த கருவி வேண்டும்: விளையாட்டுக் கூட்டமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் விதிக்குழு, தொழில்நுட்பக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2025 விம்பிள்டனில் கோட்டு நடுவர்கள் இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் கேமராக்கள். நான்காவது சுற்றில் அனஸ்தாசியா பாவ்லியுசென்கோவாவும் சோனே கார்டலும் மோதிய ஆட்டம், முதல் செட், 4-4. கார்டல் அடித்த பந்து பின்கோட்டைத் தாண்டி விழுந்தது. "அவுட்" என்ற குரல் வரவில்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, தொலைபேசியில் விசாரித்து, புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார். பாவ்லியுசென்கோவாவுக்கு வந்திருக்க வேண்டிய கேம் கார்டலுக்குப் போனது. பிறகுதான் காரணம் வெளியே வந்தது: களத்தின் ஒரு பகுதிக்கான கண்காணிப்பை இயக்குபவர் தவறுதலாக அணைத்துவிட்டார். ஒரு முழு கேம் அப்படியே ஓடியது. அதற்குள் மூன்று பந்துகள் கருவியின் தீர்ப்பு இல்லாமல் போயின. கடைசியில் பாவ்லியுசென்கோவாவே ஆட்டத்தை வென்றதால் விஷயம் சீக்கிரம் ஆறிப்போனது. தோற்றிருந்தால் அவ்வளவு எளிதில் ஆறியிருக்காது.

அந்த இடத்தில் கேமராவும் தவறவில்லை, கணக்கும் தவறவில்லை. "பார்த்தேன், உள்ளேதான் விழுந்தது" என்பதற்கும் "பார்க்கவே இல்லை" என்பதற்கும் அந்த அமைப்பு ஒரே அடையாளத்தைத் தந்தது: மௌனம். விளையாட்டில் தொழில்நுட்பத்தின் எதிர்காலம் என்றாலே துல்லியம், வேகம், செயற்கை நுண்ணறிவு என்றுதான் பேச்சு போகிறது. களத்தில் கருவிகளை நிறுவுவதும் சரிபார்ப்பதும் எங்கள் வேலை. எங்கள் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கருவிக்கு எது தெரியாது, எந்த அளவுக்கு மேல் தெரியாது, தெரியாதபோது யார் முடிவெடுப்பது என்பதெல்லாம் விதிநூலில் இல்லாமலேயே கருவிகள் களமிறங்குகின்றன. சர்ச்சை வெடித்த பிறகு விதியைத் திருத்துவது கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரம்தான்.

இதே மௌனம் கால்பந்தில் ஐந்து ஆண்டுக்கு முன்பே கேட்டது. 2020 ஜூன் 17, ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் மோதின. ஃப்ரீகிக்கில் வந்த பந்தைப் பிடித்த வில்லா கோல்கீப்பர், பந்தோடு கோட்டுக்குள் போய்விட்டார். தொலைக்காட்சியில் பார்த்த எல்லோருக்கும் அது கோல். பந்து கோட்டைத் தாண்டினால் அதிர வேண்டிய நடுவரின் கைக்கடிகாரம் மட்டும் அதிரவில்லை. அந்த கோலை நோக்கியிருந்த ஏழு கேமராக்களையும் கோல்கீப்பர், ஒரு தடுப்பாட்டக்காரர், கோல் கம்பம் மூன்றும் சேர்ந்து மறைத்துவிட்டன. ஆட்டம் 0-0 என முடிந்தது. பருவத்தின் முடிவில் வில்லா கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பியது ஒரே ஒரு புள்ளியில். வீடியோ உதவி நடுவரும் அன்று பணியில் இருந்தார். கடிகாரம் அதிரவில்லை என்றால் கோல் இல்லை என்ற நம்பிக்கை அவரையும் பேசவிடவில்லை.

பந்து எங்கே இருக்கிறது என்று முப்பரிமாணத்தில் கணக்கிட, குறைந்தது இரண்டு கேமராக்கள் ஒரே கணத்தில் அதைப் பார்த்தாக வேண்டும். ஒன்று மட்டும் பார்த்தால் திசை கிடைக்கும், தூரம் கிடைக்காது. எத்தனை கேமராக்களுக்குப் பந்து தெரிகிறது என்ற எண் அமைப்பின் உள்ளே ஒவ்வொரு கணமும் இருக்கிறது. அதை நடுவருக்குக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். எனவே எங்கள் முதல் கோரிக்கை எளிது. தீர்ப்புக் கருவி எதுவானாலும் அதற்கு மூன்று நிலைகள் இருக்க வேண்டும்: ஆம், இல்லை, தெரியவில்லை. கூடவே, "விழித்திருக்கிறேன்" என்று விநாடிக்கு ஒருமுறையாவது ஒரு துடிப்பு நடுவரின் திரைக்கோ கடிகாரத்துக்கோ வர வேண்டும். இரண்டு துடிப்பு தொடர்ந்து வராவிட்டால் மஞ்சள் விளக்கு எரியட்டும். ஆட்டம் நடக்கும்போது கண்காணிப்பை அணைக்க இருவர் ஒப்புதல் தேவைப்படட்டும். யார், எத்தனை மணிக்கு அணைத்தார் என்பது தானாகப் பதிவாகட்டும். இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். தொழிற்சாலை இயந்திரங்களில் பல ஆண்டுகளாக இருக்கும் ஏற்பாடுதான்.

அளவுத்திருத்தம் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தங்களில் இது ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. கேமராக்கள் அரங்கின் கூரைச் சட்டத்தில் தொங்குகின்றன. வெயிலேறும்போது இரும்பு விரிகிறது, மாலையில் சுருங்குகிறது, கூட்டம் எழுந்து குதித்தால் அதிர்கிறது. கேமரா ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு திரும்பினால், 60 மீட்டர் தள்ளி உள்ள கோட்டில் அது 1 செ.மீ. பிழையாகிறது. காலையில் சரிபார்த்த அமைப்பு இரவு ஆட்டத்தில் சரியாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பரிகாரம் உண்டு. களத்தில் அசையாத புள்ளிகளை, அதாவது கோடுகள் சந்திக்கும் மூலைகளையும் கம்பத்தின் அடிகளையும், ஆட்டத்தின்போதே ஒவ்வொரு கேமராவும் திரும்பத் திரும்பப் பார்த்துத் தன் நிலையைத் திருத்திக்கொள்ள வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் திருத்தியது என்பதும் பதிவாக வேண்டும். அந்தப் பதிவில் ஒரு கேமராவின் திருத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் அதன் பிடிமானத் திருகு தளர்ந்திருக்கலாம். ஏணி எடுத்துப் போய்ப் பாருங்கள். மென்பொருளில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், அரையிறுதி நடக்கும் நாளில் அது கையை விரிக்கும்.

இன்னொன்று, கருவி பார்க்கும் கோடும் தரையில் இருக்கும் கோடும் ஒன்றல்ல. முதலாவது, நில அளவையில் எடுத்த நேர்கோடு. இரண்டாவது, சுண்ணாம்பு உருளையால் ஒரு மனிதர் போட்டது. புல்தரையில் அடிக்கடி மறுபடி போடும்போது விளிம்பு சில மில்லிமீட்டர் நகரும். களிமண் தரையில் சிக்கல் இன்னும் கூடுதல், ஏனென்றால் அங்கே பந்து தடயத்தை விட்டுச்செல்கிறது. 2025 மாட்ரிட் போட்டியில் அலெக்சாண்டர் ஸ்வெரெவ், கருவி "உள்ளே" என்று சொன்ன பந்தின் தடயத்தைக் கைபேசியில் படமெடுத்து, அதற்காக எச்சரிக்கையும் வாங்கினார். தடயம் பந்து தொட்ட பரப்பை அப்படியே காட்டுவதில்லை. மண் எவ்வளவு கனமாகப் பரவியிருக்கிறது, பந்து எந்தக் கோணத்தில் வந்தது என்பதைப் பொறுத்து அது நீளும், குறுகும். கருவியின் கணக்கிலும் பிழை வரம்பு உண்டு. இரண்டில் எது சாட்சி என்பதை விதி தெளிவாகச் சொல்ல வேண்டும். காரணத்தையும் வீரர்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். எச்சரிக்கை கொடுப்பதால் சந்தேகம் தீராது.

அடுத்து, துல்லியம். எண்களில் எத்தனை இலக்கம் வருகிறது என்பதில் மயங்கிவிடுகிறோம். 1972 மியூனிக் ஒலிம்பிக், 400 மீட்டர் தனிநபர் மெட்லி நீச்சல். சுவீடனின் குன்னர் லார்சன் 4:31.981, அமெரிக்காவின் டிம் மெக்கீ 4:31.983. விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் தங்கம் போனது. அவர்கள் நீந்திய வேகத்தில் அது சுமார் 3 மில்லிமீட்டர். 50 மீட்டர் குளத்தின் ஒவ்வொரு பாதையும் சென்டிமீட்டர் அளவில் கூடுதல் நீளமாக இருக்க விதியே இடம் தருகிறது. எட்டு நீளத்தில் அது பல சென்டிமீட்டர் ஆகிவிடும். குளத்தைக் கட்டிய கொத்தனாரின் கையளவுக்குள் அடங்கும் வித்தியாசத்தை நீந்தியவரின் திறமை என்று அறிவித்திருக்கிறோம். அதன் பிறகு நீச்சல் நூறில் ஒன்றுக்குத் திரும்பியது. இன்றுவரை அதுவே நீடிக்கிறது. 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் 51.14 விநாடியில் மூன்று பேர் ஒன்றாக முடித்தார்கள். மூவருக்கும் வெள்ளி கொடுத்தார்கள். கருவியால் இன்னும் நுணுக்கமாக அளக்க முடிந்தும், அளக்கப்படும் பொருள் அதைத் தாங்காது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள். விளையாட்டுத் தொழில்நுட்பத்தில் நாங்கள் மிக மதிக்கும் முடிவு இது.

ஓட்டத்தில் ஆயிரத்தில் ஒன்று வரை போகலாம், அதற்கும் காரணம் இருக்கிறது. முடிவுக்கோட்டின் மேல் ஒரே கேமரா, அந்தக் கோட்டை மட்டும் மெல்லிய கீற்றாகப் படமெடுக்கிறது. எல்லா பாதைக்கும் ஒரே கீற்று, ஒரே கடிகாரம். 2024 பாரிஸில் நோவா லைல்ஸ் 9.784, கிஷேன் தாம்சன் 9.789. வித்தியாசம் 0.005 விநாடி, தூரத்தில் 5 செ.மீ.க்கு மேல். அது நம்பத்தக்க 5 செ.மீ. குளத்தில் எட்டு பாதைக்கு எட்டு சுவர், எட்டு தொடுபலகை. ஆகவே இரண்டு விளையாட்டுக்கும் ஒரே இலக்க எண்ணிக்கை கேட்பது தவறு.

தொடக்கத்திலும் இப்படித்தான். துப்பாக்கிச் சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். முதல் பாதைக்கு அருகில் சுட்டால் எட்டாம் பாதைக்காரருக்கு 25 மில்லிவிநாடி தாமதமாகக் கேட்கும். அதனால்தான் ஒவ்வொரு தொடக்கக் கட்டைக்குப் பின்னாலும் ஒரு ஒலிபெருக்கி வைக்கிறார்கள். 2022 யூஜீன் உலகப் போட்டியில் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் டெவன் ஆலன் 0.099 விநாடியில் அசைந்தார் என்று வெளியேற்றப்பட்டார். விதியின் எல்லை 0.100. ஆனால் "அசைந்தார்" என்றால் என்ன? கட்டையில் உள்ள விசைமானி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும் கணமா, விசை ஏறத் தொடங்கிய கணமா? எல்லையை உயரமாக வைத்தால் கருவி தாமதமாக உணரும். தாழ்த்தினால் மூச்சுவிடும் நடுக்கத்தையும் அசைவென்று எண்ணும். அந்தக் கணக்கிடும் முறையை மில்லிவிநாடி அளவில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக நிர்ணயிக்காமல், 0.100 என்ற எண்ணை மட்டும் கல்லில் செதுக்கி வைப்பதில் அர்த்தமில்லை. முறையை வெளியிடுங்கள். கருவிகளை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுச் சோதியுங்கள். வித்தியாசம் 5 மில்லிவிநாடி என்றால் 0.095க்கும் 0.100க்கும் நடுவில் வருபவரை ஓடவிட்டுப் பிறகு ஆராயும் பத்தி ஒன்றைச் சேருங்கள்.

கால்பந்தின் ஆஃப்சைடு கோடுகளுக்கு வருவோம், அதாவது பந்து உதைக்கப்பட்ட கணத்தில் தாக்குபவர் தடுப்பவரைத் தாண்டி நின்றாரா என்று பார்க்கும் கோடுகளுக்கு. விநாடிக்கு 50 படம் எடுக்கும் ஒளிபரப்புக் கேமராவில் இரண்டு படங்களுக்கு இடையே 20 மில்லிவிநாடி. விநாடிக்கு 8 மீட்டர் ஓடும் ஆட்டக்காரர் அதற்குள் 16 செ.மீ. நகர்ந்துவிடுகிறார். தடுப்பவர் எதிர்த்திசையில் அதே வேகத்தில் வந்தால் இருவருக்கும் உள்ள இடைவெளி 32 செ.மீ. மாறும். பந்து காலை விட்டுப் புறப்பட்ட கணம் எந்தப் படத்தில் என்று கையால் தேர்ந்தெடுத்துவிட்டு, அக்குள் ரோமம் அளவுக்குக் கோடு கிழித்துக் காட்டியது ஒரு காலம். 2022 கத்தார் உலகக் கோப்பையில் இது மேம்பட்டது: பந்துக்குள் இருந்த சென்சார் விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது, 12 கேமராக்கள் ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 முறை கணக்கிட்டன. உதைத்த கணம் இப்போது 2 மில்லிவிநாடிக்குள் தெரிகிறது. ஆனால் உடல் புள்ளிகள் இன்னும் 50 முறைதான். இடைப்பட்ட நிலைகளைக் கணக்கால் நிரப்புகிறார்கள். தோள்பட்டை எங்கே முடிகிறது என்பதும் மென்பொருளின் மதிப்பீடுதான், சட்டை காற்றில் உப்பினால் அதுவும் ஆடும். திரையில் வரும் அழகான முப்பரிமாணப் பொம்மை இந்த மதிப்பீட்டை உண்மையான படம் போலக் காட்டிவிடுகிறது. பொம்மையின் விளிம்பை மங்கலாக வரையச் சொல்லுங்கள். பிழை வரம்பு எவ்வளவோ அவ்வளவு மங்கல். கோடு அந்த மங்கலுக்குள் விழுந்தால் களத்தில் கொடுத்த முடிவே நிற்கட்டும்.

இதைச் செய்யும் விளையாட்டு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் கேலி செய்கிறார்கள். கிரிக்கெட்டின் "அம்பயர்ஸ் கால்". பந்தில் பாதிக்கும் குறைவாக ஸ்டம்பில் படும் என்று கணிப்பு சொன்னால், அம்பயர் முதலில் சொன்னதே செல்லும். "பட்டால் பட்டது, அதில் என்ன பாதி?" என்று வர்ணனையாளர்களே கேட்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் புரியும். 140 கி.மீ. வேகப் பந்து விநாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர் போகிறது. விநாடிக்கு 300 படம் எடுக்கும் கேமராவில் படத்துக்குப் படம் 13 செ.மீ. தரையில் குத்தி 40 செ.மீ. தூரத்தில் பேடில் பட்டால், குத்திய பிறகு கிடைப்பது மூன்றே நிலைகள். அந்த மூன்றை வைத்து, பந்து திரும்பியதையும் எழும்பியதையும் கணித்து, இன்னும் இரண்டு மீட்டர் தள்ளியுள்ள ஸ்டம்ப் வரை கோட்டை நீட்ட வேண்டும். பேடுக்கு வெகு முன்பே குத்திய பந்துக்குக் கிடைக்கும் உறுதி இதற்குக் கிடைக்காது. ஆகவே எங்கள் குறை வேறு: எல்லாப் பந்துக்கும் அதே பாதிப் பந்து வரம்பு என்பது போதாது. கிடைத்த நிலைகளின் எண்ணிக்கையையும் நீட்ட வேண்டிய தூரத்தையும் பொறுத்து வரம்பு விரிந்து சுருங்க வேண்டும். ஆனால் பிழையை விதிக்குள்ளேயே கொண்டுவந்த நேர்மைக்காக இந்த முறையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கலாம்.

கருவி வந்தால் விதியின் சொற்களே மாறிவிடும் என்பதற்கு பேஸ்பால் நல்ல பாடம். விதிநூலில் ஸ்ட்ரைக் பகுதி, அதாவது மட்டையாளர் அடிக்காமல் விட்டாலும் பந்து அவருக்கு எதிராக எண்ணப்படும் இடம், அவர் முன்னே தரையில் பதித்த தட்டுக்கு மேலே நிற்கும் ஒரு முப்பரிமாணப் பெட்டி. மட்டையாளர் நிற்கும் விதத்தைப் பொறுத்து அதன் மேல்விளிம்பு மாறும். கருவிக்கு அது ஒத்துவரவில்லை. 2026 பருவத்தில் அமெரிக்க மேஜர் லீக் கொண்டுவந்த முறையில், பகுதி தட்டின் நடுவில் நிற்கும் தட்டையான செவ்வகம். மேல்விளிம்பு மட்டையாளரின் உயரத்தில் 53.5 விழுக்காடு, கீழ்விளிம்பு 27 விழுக்காடு. 1.80 மீட்டர் உயரமானவருக்கு 96.3 செ.மீ.யும் 48.6 செ.மீ.யும். குனிந்து நின்றாலும் மாறாது. ஒவ்வொரு அணிக்கும் இரண்டு முறையீடுகள், வென்றால் முறையீடு கைவசமே இருக்கும். அதற்கு முன்பே 2024ல் தென் கொரிய லீக் எல்லாப் பந்தையும் கருவியிடமே ஒப்படைத்துவிட்டது. எது சரி என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. வரையறையை மாற்றுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லி, எண்ணை எழுதி, கீழ் லீக்குகளில் பல பருவம் ஓட்டிப் பார்த்த பிறகே மேலே கொண்டுவந்தார்கள். அந்த வரிசை முக்கியம். ஜிம்னாஸ்டிக்ஸில் 2023 ஆண்ட்வெர்ப் உலகப் போட்டியில் வளையம், கம்பி போன்ற பத்துப் பிரிவுகளுக்கும் நடுவர்களுக்குக் கணினி உதவி வந்துவிட்டது. அங்கே இந்த வரையறைக் கேள்வி இன்னும் கடினம், ஏனென்றால் கோணத்தை அளக்கலாம், அழகை அளக்க முடியாது.

நீச்சலுடைக்கும் காலணிக்கும் விதி தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பது பதிவேட்டில் இருக்கிறது. பாலியூரித்தேன் நீச்சலுடைகள் புழங்கிய 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள். 2010 ஜனவரி 1 முதல் தடை. உடைகள் போயின, சாதனைகள் தங்கிவிட்டன. ஆடவர் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பால் பீடர்மேனின் 3:40.07 சாதனையை லூகாஸ் மார்ட்டென்ஸ் 3:39.96ல் முறியடிக்க 2025 ஏப்ரல் ஆனது. கிட்டத்தட்ட பதினாறு ஆண்டு, ஒரு தலைமுறை நீச்சல் வீரர்கள் ஒரு துணியோடு போட்டி போட்டார்கள்.

காலணியிலும் கதை அப்படியே. கார்பன் தகடும் புது நுரையும் சேர்ந்த காலணிகள் 2017ல் கடைக்கு வந்தன. உலக தடகளக் கூட்டமைப்பு 2020ல்தான் வரம்பு போட்டது: சாலை ஓட்டத்துக்கு அடிப்பாகம் 40 மி.மீ., ஒரே தகடு. ஓடுகளத்துக்கு 2024 நவம்பர் முதல் 20 மி.மீ. உயரத்தை அளப்பது எளிது என்பதால் உயரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். உண்மையில் வேலை செய்வது நுரை. அமுக்கிய ஆற்றலில் எவ்வளவு திரும்பத் தருகிறது என்று சோதனைக்கூடத்தில் பார்த்ததில், புது நுரைக் காலணி 87 விழுக்காடு தந்தது, முந்தைய இரண்டு வகைகள் 76, 66 விழுக்காடு அளவில் நின்றன. நாளை 35 மி.மீ. உயரத்திலேயே 95 விழுக்காடு தரும் நுரை வந்தால் அளவுகோல் என்ன செய்யும்? ஒவ்வொரு மாதிரியையும் அங்கீகரிக்கும் முன் குறிப்பிட்ட விசையில் அமுக்கி விடுவித்து அளக்கும் சோதனையைச் சேருங்கள், அதற்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். சோதனையைப் பந்தயத்துக்கு முன் செய்யுங்கள். 2021 வியன்னா மராத்தானில் முதலாவதாக வந்தவரின் காலணி 5 செ.மீ. என்று ஓடி முடித்த பிறகு தெரிந்தது. 42 கிலோமீட்டர் ஓடியவருக்குத் தகுதிநீக்கம். தொடக்கக்கோட்டுக்கு முன்னால் ஒரு மேசையும் ஓர் அளவுகோலும் இருந்திருந்தால் அவர் காலணியை மாற்றிக்கொண்டு ஓடியிருப்பார்.

இனி, உடலில் மாட்டும் கருவிகள். இங்கேதான் அடுத்த பத்தாண்டின் பெரிய சண்டை வரப்போகிறது. முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே வைக்கும் ஜி.பி.எஸ். வில்லை வழக்கமாக விநாடிக்கு 10 முறை இடத்தைக் குறிக்கும். அதற்குள் இருக்கும் முடுக்கமானி 100 முறை. விநாடிக்கு 9 மீட்டர் ஓடுபவருக்கு இரண்டு குறிக்கு இடையே 90 செ.மீ. நேராக ஓடினால் நன்றாகவே அளக்கும். சட்டென்று வெட்டித் திரும்பினால் மூலையை வழித்துவிடும். உயர்ந்த கூரை உள்ள அரங்கில் செயற்கைக்கோள்கள் மறைந்தால் ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டும். "இன்று எத்தனை ஸ்பிரிண்ட்?" என்ற எளிய கேள்விக்குக்கூட விடை மென்பொருளில்தான் இருக்கிறது. மணிக்கு 25.2 கி.மீ. எல்லை என்று வைத்தாலும், அதற்கு மேல் அரை விநாடி இருந்தால் போதுமா, ஒரு விநாடி வேண்டுமா? 0.8 விநாடி ஓடியவர் ஒரு நிறுவனத்தின் கணக்கில் ஸ்பிரிண்ட் செய்தவர், இன்னொன்றின் கணக்கில் செய்யாதவர். மென்பொருள் புதுப்பிப்பு வந்த வாரத்தில் முழு அணியும் "சோர்ந்துவிட்டது" போல வரைபடம் காட்டும். பயிற்சியாளர் உடற்பயிற்சியைக் குறைப்பார். மாறியது வடிகட்டும் சூத்திரம் மட்டும்.

இந்தத் தரவை வைத்துக் காயத்தை முன்கூட்டிச் சொல்கிறோம் என்று விற்பனைக்கு வருகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1,000 வீரர்-வாரங்களில் (ஒரு வீரர் ஒரு வாரம் ஆடினால் ஒரு வீரர்-வாரம்) 30 காயங்கள் என்று வைத்துக்கொள்வோம். காயமடையப் போகிறவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கும், மற்றவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும் கணிப்பு மென்பொருள் ஒன்று. 30ல் 24ஐப் பிடிக்கும். மீதி 970ல் 194 பேருக்குப் பொய்யாக எச்சரிக்கும். மொத்தம் 218 எச்சரிக்கை, அதில் 24 உண்மை. ஒன்பதில் ஒன்று. எச்சரிக்கை வந்தவரை எல்லாம் உட்கார வைத்தால், ஒருவரைக் காப்பாற்ற எட்டுப் பேர் காரணமில்லாமல் ஆட்டத்தை இழக்கிறார்கள். அந்த எட்டுப் பேருக்கு "காயம்படக் கூடியவர்" என்ற முத்திரை ஒப்பந்தப் பேச்சுவரை கூடவே வரும். மருத்துவருக்கு இது பயனுள்ள குறிப்பாக இருக்கலாம். மேலாளரின் மேசைக்குப் போகக் கூடாது.

மோதலில் தலை எவ்வளவு உலுக்கப்படுகிறது என்று அளக்கும் சென்சார் பதித்த பல்காப்பை உலக ரக்பி 2024 ஜனவரி முதல் உயர்மட்ட ஆட்டங்களின் தலைக்காயச் சோதனையில் சேர்த்தது. நல்ல முடிவு. ஆனால் பல்லோடு இறுக ஒட்டாத பல்காப்பு மோதல் இல்லாமலேயே பெரிய எண்ணைக் காட்டும். கடித்து மெல்லுவது, வாயிலிருந்து எடுத்துக் கையில் தட்டுவது எல்லாம் அதற்கு மோதல்தான். அதனால் ஒவ்வொருவருக்கும் பல்லச்சு எடுத்துச் செய்ய வேண்டும். வாய்க்குள் இருக்கிறதா என்று உணரும் சென்சார் இருக்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் ஒளிப்பதிவோடு நேரம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எண் எல்லையைத் தாண்டாவிட்டால் மூளைக்கு ஒன்றுமில்லை என்று யாரும் முடிவு கட்டக் கூடாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள். "தெரியவில்லை" என்ற மூன்றாவது நிலை இங்கே உயிர் சம்பந்தப்பட்டது.

தரவு யாருடையது என்ற கேள்விக்கு எங்கள் நிலை சுருக்கமானது. உடலில் இருந்து வரும் எண் அந்த உடலுக்கு உரியவருடையது. ஒப்பந்தத்தின் முப்பதாம் பக்கத்தில் புதைத்து வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று ஏற்கக் கூடாது. எதற்கு, யாரிடம், எத்தனை மாதம் என்று தனித்தாளில் கேளுங்கள். அணி மாறும்போது மூலத்தரவின் பிரதியை வீரர் எடுத்துப் போகலாம் என்று எழுதுங்கள். இளையோர் பிரிவில் இந்தக் கட்டுப்பாடு இரண்டு மடங்கு இருக்க வேண்டும்; பதினைந்து வயதில் பதிவான முழங்கால் எண் இருபத்தைந்து வயதில் ஒருவரின் பிழைப்பைக் கெடுக்க விடக் கூடாது. போட்டி நடக்கும்போது எந்த எண் யாருக்குத் தெரியலாம் என்பது வேறு கேள்வி. சைக்கிள் பந்தயக் கூட்டமைப்பு 2021ல் உடலின் சர்க்கரை அளவை இடைவிடாமல் காட்டும் தொடர் குளுக்கோஸ் அளவிகளைப் பந்தயத்தில் தடை செய்தது, பயிற்சியில் விட்டுவைத்தது. எல்லை எங்கே என்று முதலிலேயே கோடு போட்ட அந்த வழியை மற்றவர்களும் பின்பற்றலாம்.

கருவி இல்லாத மைதானங்களையும் மறக்க வேண்டாம். பெரும்பாலான ஆட்டங்கள் ஒரு நடுவரையும் ஒரு விசிலையும் வைத்துத்தான் நடக்கின்றன. கருவி இருந்தால் மட்டுமே அமலாக்கக்கூடிய விதி எழுதினால், மேல்மட்டத்தில் ஒரு விளையாட்டும் கீழ்மட்டத்தில் வேறொரு விளையாட்டுமாகப் பிரிந்துவிடும்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், விதிநூலில் அப்படியே சேர்க்கத்தக்க வரைவு வாசகம் ஒன்றையும் இத்துடன் தருகிறோம். திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

"தீர்ப்புக்குப் பயன்படும் எந்தக் கருவியும் ஆம், இல்லை, தெரியவில்லை ஆகிய மூன்று நிலைகளைத் தனித்தனியே அறிவிக்க வேண்டும். அதன் பிழை வரம்பு, கூட்டமைப்பு நியமித்த, உற்பத்தியாளரைச் சாராத சோதனைக்கூடத்தில் அளக்கப்பட்டு, பருவம் தொடங்கும் முன் வெளியிடப்பட வேண்டும். அளவீடு அந்த வரம்புக்குள் விழுந்தாலோ, கருவி தெரியவில்லை என்று அறிவித்தாலோ, களநடுவரின் முடிவு நிற்கும். களநடுவர் முடிவு சொல்ல இயலாத நிலையில், கிடைக்கும் ஒளிப்பதிவை அவர் பார்க்கலாம்; அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் மட்டுமே அந்தப் பகுதி மறுபடி ஆடப்படும். கருவி செயலிழந்த ஒவ்வொரு நிகழ்வும் தேதி, நேரம், நீடித்த காலம், இயக்கியவரின் பொறுப்பு, பாதிக்கப்பட்ட தீர்ப்புகள் ஆகிய விவரங்களோடு போட்டி முடிந்த ஏழு நாளுக்குள் வெளியிடப்படும்."

இப்படிக்கு,
களத்தில் அளவீட்டுக் கருவிகளை நிறுவி, சரிபார்த்து, இயக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர்